ஜார்ஜியாவில் எதை, எங்கே, எந்த வேளையில் சாப்பிடுவது?

கேட்டவருக்கும், இதே கேள்வியோடு கிளம்பும் மற்றவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கேள்வி இதுதான்: செப்டம்பர் கடைசியில் கணவரோடும் மாமியாரோடும் பத்து நாள் ஜார்ஜியா போகிறீர்கள். மாமியார் முட்டைகூடத் தொடாத சைவம். தலைநகர் திபிலிசியில் இருக்கும் இந்திய உணவகங்களிலேயே மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வர உங்களுக்கு மனசில்லை. அந்த ஊர்ச் சாப்பாட்டை எப்படித் தேடிக் கண்டுபிடிப்பது?

உணவகங்களின் பட்டியல் ஒன்றை எதிர்பார்த்திருப்பீர்கள். நான் அதைத் தரப்போவதில்லை. கடைகள் இன்று திறக்கும், நாளை மூடும். அந்த நாட்டுச் சாப்பாடு எதைச் சுற்றி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், எந்த ஊரில் இறங்கினாலும் எதைக் கேட்பது என்று உங்களுக்கே புரிந்துவிடும். ஜார்ஜியாவில் அது நான்கைந்து பொருள்கள்தான்: கோதுமை, சோளம் (மக்காச்சோளத்தைச் சொல்கிறேன்), வால்நட், பாலாடைக்கட்டி, திராட்சை. இவை எங்கெங்கே விளைகின்றனவோ அங்கங்கே போய்ச் சாப்பிடுங்கள். திபிலிசியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே மேசைக்கு வரவழைத்துச் சாப்பிட்டால் பாதிதான் கிடைக்கும்.

நாட்டை நடுவில் லிக்கி என்ற மலைத்தொடர் குறுக்காக வெட்டுகிறது. அதற்குக் கிழக்கே மழை குறைவு. கோதுமையும் திராட்சையும் விளையும் நிலம். மேற்கே கருங்கடல் பக்கம் மழை கொட்டும். சோளம், ஹேசல்நட், தேயிலை, ஆரஞ்சு வகைகள். திபிலிசியிலிருந்து மேற்கே இருக்கும் குத்தாய்சிக்குக் காரில் போனால் சில மணி நேரத்தில் இந்த மலையைக் கடந்துவிடலாம். கடக்கும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வாருங்கள். மலையடிவாரத்தில் சுராமி என்ற ஊர். அங்கே சாலையோரம் வரிசையாகப் பெண்கள் நின்று நசூக்கி என்ற ரொட்டியை விற்பார்கள்; பட்டையும் உலர்திராட்சையும் போட்டு மண் அடுப்பில் சுட்ட இனிப்பு ரொட்டி. சூடாக இருக்கும்போதே வாங்கி வண்டியில் பிய்த்துச் சாப்பிட வேண்டும். கொஞ்ச தூரத்தில் ஷ்ரோஷா. சாலையோரம் முழுக்க மண்பாண்டக் கடைகள். அதையும் தாண்டினால் தட்டில் இருக்கும் ரொட்டியே மாறிவிடும்.

கிழக்கில் முதலில் பார்க்க வேண்டியது ஷோத்தி என்ற நீள ரொட்டி. திபிலிசியின் பழைய தெருக்களில் தரைமட்டத்துக்குக் கீழே சின்னச் சின்ன ரொட்டிக் கடைகள் இருக்கும். வாசனையை வைத்தே கண்டுபிடிக்கலாம். உள்ளே தோனே என்ற வட்டமான ஆழமான மண் அடுப்பு, தந்தூர் வகைதான். ரொட்டி போடுகிறவர் மாவைப் படகு மாதிரி இழுத்து, இடுப்பு வரைக்கும் அடுப்புக்குள் சாய்ந்து, உள்சுவரில் ஒரே அறையாக அறைந்து ஒட்டுவார். அந்தச் சூட்டுக்குள் தலைகீழாகப் போய் அவர் நிமிர்ந்து வரும் வேகத்தைப் பார்த்தால் நமக்கு மூச்சு நின்றுவிடும். சில நிமிடங்களில் கொக்கியால் இழுத்து வெளியே எடுத்துவிடுவார்கள். முனை மொறுமொறுப்பாக, நடு மெத்தென்று இருக்கும். மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர வேறொன்றும் பெரும்பாலும் கிடையாது. உங்கள் அத்தைக்குக் காலைச் சாப்பாட்டுக் கவலை இதிலேயே தீர்ந்தது: சூடான ஷோத்தி, தக்காளி, வெள்ளரிக்காய், ஒரு கிண்ணம் மாத்சோனி. மாத்சோனி அந்த ஊர்த் தயிர். நல்ல புளிப்பு. நம்மவர்கள் மறு பேச்சில்லாமல் சாப்பிடுவார்கள்.

மேற்கில் இந்த ரொட்டியின் இடத்தில் சோளம் உட்கார்ந்திருக்கிறது. ம்ச்சாதி என்பது சோளமாவில் தட்டிச் சுட்ட கனமான அடை. சமெக்ரெலோ பகுதிக்குப் போனால் கோமி. உப்பே போடாமல், கட்டை அகப்பையால் கிண்டிக் கிண்டி இறக்கிய வெள்ளைச் சோளக் கஞ்சி. நம்ம களியைப் போலக் கெட்டியாகத் தட்டில் குவித்து வைப்பார்கள். அதன் நடுவில் சுல்குனி என்ற பாலாடைக்கட்டியின் இரண்டு மூன்று துண்டுகளைச் செருகியிருப்பார்கள். உடனே எடுத்துவிடாதீர்கள். சூட்டில் அது இளகி நூல் விட ஆரம்பிக்கும். கோமி உப்பில்லாதது, சுல்குனி உப்பு. இரண்டையும் சேர்த்து ஒரு வாய் எடுக்கும்போதுதான் கணக்கு சரியாகும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து மக்காச்சோளம் வந்து சேர்வதற்கு முன்னால் இந்தக் கோமியைத் தினையில்தான் கிண்டினார்கள். தேனும் தினைமாவும் சாப்பிட்ட ஊர்க்காரர்களுக்கு அந்தச் செய்தியே போதும், ஒரு பகல் பயணத்தைச் சமெக்ரெலோவுக்கு ஒதுக்க. கோமியிலேயே சுல்குனியைக் கரையும் வரை அடித்துக் கிண்டினால் அது எலார்ஜி. அகப்பையைத் தூக்கினால் கூடவே மேலே வரும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஜார்ஜியச் சாப்பாடு பொதுவாகக் காரம் குறைவு. சமெக்ரெலோ மட்டும் விதிவிலக்கு. மிளகாய், பூண்டு, கொத்தமல்லி விதை எல்லாம் சேர்த்து இடிக்கும் அஜிகா என்ற விழுது அந்தப் பக்கத்துச் சொத்து. மூன்றாம் நாள் நாக்கு காரத்துக்கு ஏங்கும்போது அஜிகா கேளுங்கள், தயங்காமல் தருவார்கள்.

இனி சைவத்துக்கு வருகிறேன். ஜார்ஜியா போகிற தமிழ்க் குடும்பங்கள் இதை நினைத்து அநாவசியமாகப் பயப்படுகிறார்கள், ஊறுகாய் பாட்டிலும் அவல் பொட்டலமுமாகப் பெட்டியை நிரப்புகிறார்கள். நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய சொல் ஒன்றே ஒன்று: சமார்க்வோ. நோன்புச் சாப்பாடு என்று பொருள். நாட்டில் பெரும்பாலானோர் ஜார்ஜிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். ஈஸ்டருக்கு முந்தைய நீண்ட நோன்பு, நவம்பர் 28-லிருந்து ஜனவரி 6 வரை கிறிஸ்துமஸ் நோன்பு, இவை தவிர வருடம் முழுக்கப் புதன், வெள்ளி. நோன்பென்றால் இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. எல்லோரும் கடைப்பிடிக்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் சமையல்காரர்கள் எல்லோருக்கும் அது என்னவென்று தெரியும். நீங்கள் போகும் செப்டம்பர் கடைசியில் நீண்ட நோன்பு எதுவும் இல்லை. பரவாயில்லை. 'வெஜிடேரியன்' என்று சொன்னால் சில கிராமங்களில் கோழியைக் காட்டுவார்கள். 'சமார்க்வோ' என்று சொன்னால் குழப்பமே வராது. மீன் மட்டும் சில நோன்பு நாட்களில் அனுமதி உண்டு, அதனால் மீனும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அப்படிக் கேட்டால் என்ன வரும்? அந்த நாட்டுச் சமையலின் ஆகச் சிறந்த பகுதி வரும் என்பது என் கருத்து. எல்லாவற்றுக்கும் அடியில் வால்நட். அதை எண்ணெய் கசியும் வரை அரைத்து, பூண்டு, கொத்தமல்லி விதை, காடி, உலர்த்திப் பொடித்த செண்டுமல்லி இதழ், உத்ஸ்கோ சுனேலி சேர்ப்பார்கள். உத்ஸ்கோ சுனேலி என்பது நீலப் பூப்பூக்கும் ஒரு வெந்தய வகை. நம் வெந்தயத்தின் வாசனைதான், கசப்பு குறைவு. இந்த விழுதை வேகவைத்துப் பிழிந்த கீரையிலோ பீட்ரூட்டிலோ முட்டைக்கோசிலோ பிசைந்து உருட்டி, மேலே மாதுளை முத்துக்களைப் பதித்தால் ப்காலி. பொரித்த கத்தரிக்காய்த் துண்டுக்குள் வைத்து மடித்தால் பத்ரிஜானி. தக்காளி வெள்ளரி சாலட்டிலும் இதைக் கலந்து தரச்சொல்லலாம். செப்டம்பர் தக்காளிக்கு அதைவிட நல்ல கதி கிடையாது. கத்தரிக்காய், தக்காளி, குடைமிளகாய் சேர்த்துக் குழைய வேகவைத்த அஜாப்சந்தாலியும் பயமில்லாமல் சாப்பிடலாம்.

லோபியோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ராஜ்மா போன்ற சிவப்புப் பயறு, மண்சட்டியிலேயே வெந்து மண்சட்டியிலேயே மேசைக்கு வரும். பாதிப் பயறு மசிந்தும் பாதி முழுசாகவும் இருக்கும். கொத்தமல்லித் தழை தாராளமாக. கூட ம்ச்சாதியும், ஜோன்ஜோலி என்ற பூமொட்டு ஊறுகாயும். திபிலிசிக்குப் பக்கத்தில் இருக்கும் ம்த்ஸ்கேத்தா என்ற பழைய தலைநகரைப் பார்க்கப் போகிறவர்கள் மதியத்துக்கு லோபியோ சாப்பிடுவது வழக்கம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இதே பயறை ரொட்டிக்குள் வைத்துச் சுட்டால் லோபியானி. அதில் ஒரு எச்சரிக்கை: ராச்சா பகுதி லோபியானியில் பன்றி இறைச்சி சேர்ப்பார்கள். பெயரில் 'ராச்சுலி' என்று இருந்தால் அத்தைக்கு வேண்டாம். சத்சிவியும் வால்நட் குழம்புதான், ஆனால் உள்ளே இருப்பது வான்கோழி அல்லது கோழி.

பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட ரொட்டியான கச்சாபுரி பற்றி நீங்களே படித்திருப்பீர்கள். படகு வடிவில், நடுவில் முட்டையும் வெண்ணெய்க் கட்டியும் மிதக்கிற படம் எல்லா இடத்திலும் ஓடுகிறது. அது அஜாரா பகுதியுடையது, கருங்கடல் ஓரத்து பத்தூமியில்தான் சாப்பிட வேண்டும். கரண்டியால் முட்டையைச் சூடான பாலாடைக்கட்டியில் நன்றாகக் கலக்கிவிட்டு, ஓரத்து ரொட்டியைப் பிய்த்துத் தோய்த்துச் சாப்பிடுவது முறை. ஒன்றை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள், அவ்வளவு கனம். ஆனால் அந்த மக்கள் வாரம் முழுக்கச் சாப்பிடுவது மேற்கே இமெரெத்தி பகுதியின் வகை: வட்டமாக, மூடி, உள்ளே புதுப் பாலாடைக்கட்டி மட்டும். திபிலிசி அரசுப் பல்கலைக்கழகத்தின் சர்வதேசப் பொருளாதாரப் பள்ளி விலைவாசியைக் காட்டுவதற்கே 'கச்சாபுரி குறியீடு' என்று ஒன்றை வெளியிட்டு வருகிறது. ஒரு இமெரெத்திக் கச்சாபுரிக்கு வேண்டிய மாவு, பாலாடைக்கட்டி, வெண்ணெய், முட்டை எல்லாம் என்ன விலை, அடுப்பெரிக்க எவ்வளவு ஆகிறது என்று கூட்டுவார்கள். ஒரு பண்டம் எவ்வளவு அன்றாடமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அத்தைக்கு முட்டை ஆகாது என்பதால் முன்கூட்டியே கேளுங்கள். சிலர் பூரணத்தில் முட்டை கலப்பார்கள், சிலர் மேலே தடவுவார்கள். இன்னொன்று: ஊர்ப் பாலாடைக்கட்டிகள் பலவற்றில் பாலை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைப் பயன்படுத்துவது மரபு. அதையும் தவிர்க்க நினைப்பவர் என்றால் பாலாடைக்கட்டியையே விட்டுவிட்டுச் சமார்க்வோவோடு நிற்பதுதான் நல்லது.

நீங்களும் உங்கள் கணவரும் அசைவம் என்றால் கின்காலியைத் தவறவிடாதீர்கள். மாவுக்குள் இறைச்சியை வைத்து, மேலே முடிச்சு மாதிரி சேர்த்துத் தண்ணீரில் வேகவைத்த கொழுக்கட்டை வகை; காகசஸ் மலைக்காரர்களின் சாப்பாடு. கஸ்பெகி போகும் மலைப்பாதையில் பசனாவுரி என்ற ஊர் இதற்குப் பேர்போனது. தழை சேர்க்காத மலை வகை, கொத்தமல்லி சேர்த்த நகர வகை என்று இரண்டு. தட்டு வந்ததும் மேலே கருமிளகைத் தூவுங்கள். ஒரு நிமிடம் ஆறவிட்டு, முடிச்சு மாதிரி இருக்கும் காம்பைப் பிடித்துத் தலைகீழாகத் திருப்புங்கள். ஓரத்தில் சின்னதாக ஒரு கடி, உள்ளே இருக்கும் சாற்றை முதலில் உறிஞ்சிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் மிச்சம். காம்பு மாவு தடிப்பாக, முழுசாக வேகாமல் இருக்கும். அதைத் தட்டிலேயே போட்டுவிடுவார்கள், சாப்பிட்டு முடித்தபின் யார் எத்தனை தின்றார்கள் என்று எண்ணவும் அதுதான் வசதி. முள்கரண்டியால் குத்தினால் சாறெல்லாம் தட்டில் ஓடிவிடும். பக்கத்து மேசைக்காரரே எழுந்து வந்து சொல்லிக்கொடுப்பார். காளான், உருளைக்கிழங்கு வைத்த கின்காலியும் உண்டு, ஆனால் இறைச்சிக் கின்காலி வெந்த அதே தண்ணீரில் போடுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து திராட்சை. நீங்கள் போகிற நேரம்தான் கிழக்கே காகெத்தி பகுதியில் அறுவடை. ர்த்வெலி என்பார்கள், செப்டம்பரில் தொடங்கி அக்டோபர் வரை ஓடும். அங்கே தெலாவி, சிக்னாகி ஊர்களின் பக்கத்தில் குடும்பம் நடத்தும் விருந்தினர் இல்லங்களில் இரண்டு இரவாவது தங்குங்கள். இந்தப் பயணத்தில் நான் வற்புறுத்திச் சொல்வது இந்த ஒன்றைத்தான். திபிலிசிக்குத் தெற்கே இரண்டு பழைய குடியிருப்பு மேடுகளில் கிடைத்த பானை ஓடுகளில் திராட்சை மதுவின் எச்சங்கள் இருப்பதாக 2017-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். வயது ஏறக்குறைய 8000 ஆண்டுகள். நாட்டுக்கே உரிய திராட்சை ரகங்கள் 500-க்கும் மேல். காகெத்தியில் மட்டும் பார்த்தால், வெள்ளையில் ர்க்காத்சித்தெலி, சிவப்பில் சபெராவி.

முறை எளிமையானது, பார்க்க வேண்டியது. க்வெவ்ரி என்ற பெரிய மண் தாழி, அடி கூம்பு, உள்பக்கம் தேன்மெழுகு பூசியது, கழுத்து வரை மண்ணில் புதைத்திருக்கும். பழத்தை மிதித்துச் சாறோடு தோல், கொட்டை, காம்பு எல்லாவற்றையும் உள்ளே விட்டுவிடுவார்கள். வெளியிலிருந்து ஈஸ்ட் சேர்ப்பதில்லை, தோலில் இருப்பதே போதும். புளிக்கிற நாட்களில் மேலே எழும் தோலைக் கட்டையால் அமுக்கி அமுக்கிக் கிளறுவார்கள். அடங்கியதும் வாயை மூடி மண் பூசி, வசந்தம் வரை விடுவார்கள். கொட்டைகள் கூம்புக்குள் அடங்கிவிடும். வெள்ளைத் திராட்சையையும் தோலோடு ஊறவிடுவதால் மது தேயிலைச் சாயம் மாதிரி பழுப்பாகி, துவர்ப்பும் ஏறிவிடும். இமெரெத்தியில் தோலைக் குறைவாகப் போடுவார்கள், அதனால் அங்கே மது மென்மையாக இருக்கும். 2013-ல் யுனெஸ்கோ இந்த முறையை மரபுப் பட்டியலில் சேர்த்தது. இடையில் இது பட்ட அடியும் சின்னதல்ல. 1985-ல் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் கொண்டுவந்த மதுவொழிப்பு நடவடிக்கையில் தோட்டங்கள் பிடுங்கப்பட்டன. 2006-லிருந்து 2013 வரை ரஷ்யா ஜார்ஜிய மதுவை வாங்கவே மறுத்தது. பெரிய சந்தை போனபின் தரத்தைக் கவனிக்க வேண்டிய கட்டாயம் வந்தது, வீட்டுத் தாழிகளுக்கும் மறுபடி மதிப்பு வந்தது.

விருந்து மேசைக்கு சுப்ரா என்று பெயர். அங்கே குடிப்பதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. தமாதா என்ற ஒருவர் பொறுப்பேற்பார். அவர் எழுந்து கடவுளுக்கு, சமாதானத்துக்கு, இறந்துபோனவர்களுக்கு, குழந்தைகளுக்கு என்று ஒவ்வொன்றாகப் பேசுவார். பேசி முடித்து 'கௌமார்ஜோஸ்' சொன்ன பிறகுதான் வாயில் வைக்க வேண்டும். நடுவில் தாகத்துக்கு ஒரு வாய் என்று எடுப்பது மரியாதைக் குறைவு. தட்டுகள் காலியாகக் காலியாகப் புதுத் தட்டுகள் மேலே அடுக்கிக்கொண்டே வரும், பயப்படாதீர்கள், எல்லாவற்றையும் முடிக்க யாரும் எதிர்பார்ப்பதில்லை. குடிக்காதவர்கள் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் போதும். பழச்சாறு நிரப்பிய கோப்பையை உயர்த்தலாம். சாச்சா என்று சின்னக் கோப்பையில் தண்ணீர் மாதிரி ஒன்று வரும். பிழிந்த திராட்சைச் சக்கையில் காய்ச்சியது, வீட்டுச் சாச்சாவில் ஆல்கஹால் 50 சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு. ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அத்தைக்கும் அறுவடைக் காலத்தில் அவருக்கென்று ஒன்று இருக்கிறது: சுர்ச்கேலா. வால்நட்டை ஊசிநூலில் கோத்து, மாவு சேர்த்துக் காய்ச்சிய திராட்சைச் சாற்றில் முக்கி, கொடியில் தொங்கவிடுவார்கள். மறுபடி முக்கல், மறுபடி உலர்த்தல். மேற்கே வால்நட்டுக்குப் பதில் ஹேசல்நட். சர்க்கரை சேராத புதுச் சாறு என்பதால் திகட்டாது. திபிலிசி சுற்றுலாத் தெருக்களில் பச்சை, ஆரஞ்சு என்று பளபளப்பாகத் தொங்குவதை விட்டுவிடுங்கள். மங்கலான பழுப்பு நிறத்தில், கிராமத்து வீட்டில் முக்கி உலர்த்தியதைக் கேட்டு வாங்குங்கள். குடிக்க அவருக்கு லகிட்ஸே தண்ணீர். மித்ரோபான் லகிட்ஸே என்பவர் 1887-ல் குத்தாய்சியில் தார்கூன் என்ற தழையின் சாற்றைச் சோடாவில் கலந்து தொடங்கியது. இன்றும் பச்சை நிறத்தில் லேசான சோம்பு வாசனையோடு கிடைக்கும். எங்கு பார்த்தாலும் இருக்கும் போர்ஜோமி ஊற்று நீர் உப்புக் கரிக்கும். முதல் வாயில் பிடிக்காது. எண்ணெயும் வெண்ணெயுமாகச் சாப்பிட்ட நாளில் அதன் அருமை தெரியும்.

தேயிலையைப் பலரும் கவனிப்பதே இல்லை. மேற்கே குரியாவும் அஜாராவும் தேயிலை நாடுகள். சீனத்திலிருந்து லியு ஜுன்ஜோ என்ற தேயிலை வல்லுநர் 1893-ல் பத்தூமி பக்கம் சாக்வியில் வந்து இறங்கித் தோட்டம் போட்டார். பின்னால் சோவியத் நாடு முழுக்கக் குடித்த தேநீரில் பெரும்பங்கு இங்கே விளைந்தது. அந்த ஒன்றியம் சிதறியதும் தோட்டங்கள் காடாகிப் போயின. இப்போது சின்னச் சின்னக் குடும்பங்கள் பழைய செடிகளைக் கவாத்து செய்து, கையால் பறித்துத் தேயிலை போடுகிறார்கள். நீலகிரியையும் வால்பாறையையும் தெரிந்த கண்ணுக்கு அந்தச் சரிவுகளைப் பார்க்கவே ஒரு பற்று வரும். ஒசுர்கெத்தி பக்கம் போக முடிந்தால் பாருங்கள். பால் சேர்க்காமல் குடியுங்கள்.

வாங்கி வருவதற்குத் திபிலிசி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தெஸர்த்தீர் சந்தைக்குக் காலையில் போங்கள். ராணுவத்தை விட்டு ஓடி வந்த வீரர்கள் ஆயுதங்களை விற்ற இடம் என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். பாலாடைக்கட்டிக்காரர்கள் கேட்காமலேயே கத்தி முனையில் ஒரு துண்டு நீட்டுவார்கள். ருசித்துவிட்டு வாங்காமல் நகர்ந்தாலும் கோபப்பட மாட்டார்கள். உத்ஸ்கோ சுனேலியும், ஸ்வானெத்தி என்ற மலைப்பகுதியின் உப்பும் வாங்குங்கள். அந்த உப்பில் பூண்டு, கொத்தமல்லி, நீல வெந்தயம், மிளகாய் எல்லாம் இடித்துச் சேர்த்திருக்கும். வீட்டில் வெறும் மோருக்கும் அவித்த உருளைக்கிழங்குக்கும் போட்டுப் பாருங்கள். மஞ்சள் பொடியைக் குங்குமப்பூ என்று யாராவது தந்தால், அது செண்டுமல்லி இதழ். நல்ல பொருள்தான், குங்குமப்பூ விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

பத்து நாளுக்குத் திபிலிசி மூன்று, காகெத்தி இரண்டு, மலைப்பக்கம் ஒன்று, மீதி நான்கும் மேற்கு என்று பிரித்தால் சரியாக இருக்கும். அறுவடைத் தேதி அந்தந்த வருட வெயிலைப் பொறுத்து முன்னே பின்னே போகும். அதனால் காகெத்தியில் அறை பதிவு செய்கிறபோதே எந்த நாளில் பழம் பறிக்கப் போகிறார்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள். சமார்க்வோ ஒரு ஆளுக்கு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.